டச் அண்ட் கோவுக்குக் கட்டைவிரல் காட்டலாமா?

கேள்வி: லண்டனில் இருக்கும் என் தம்பி, அவன் மாமனாருக்கு நடந்த ஆபரேஷன் பற்றி வாட்ஸ்அப்பில் 'இட் வாஸ் டச் அண்ட் கோ' என்று எழுதியிருந்தான். சின்ன விஷயம், லேசாகத் தொட்டுவிட்டு விட்டுவிட்டார்கள் போல என்று நினைத்துக் கட்டைவிரல் பொம்மை ஒன்றை அனுப்பினேன். இரண்டு நாளாக அவன் பேசவில்லை. என்ன தப்பு செய்தேன்?
– வாசகி, மேற்கு மாம்பலம்

பதில்: அம்மா, முதலில் தம்பிக்குப் போன் போடுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம். மாமனார் பிழைப்பாரா மாட்டாரா என்றே தெரியாமல் இருந்தது என்றுதான் அவர் எழுதியிருக்கிறார். நம் வழக்கில் சொன்னால், உயிர் ஊசலாடிக்கொண்டிருந்தது. அதற்குத்தான் நீங்கள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருக்கிறீர்கள்.

தப்பு உங்களுடையது மட்டும் இல்லை. 'மூணாவது பாடத்தை டச் அண்ட் கோவா முடிச்சுட்டார்' என்று 29சி பஸ்ஸில் பையன்கள் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அவர்கள் சொல்ல வந்தது நுனிப்புல் மேய்ந்ததை. டியூட்டோரியலில் பாடம் நடத்திய காலத்தில் நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், கூசாமல்.

1867இல் வெளிவந்த அட்மிரல் ஸ்மித்தின் மாலுமிச் சொல்லகராதியில் இந்தத் தொடர் இருக்கிறது. அழிவுக்கு மயிரிழை தூரத்தில் இருப்பது என்று பொருள் சொல்லிவிட்டு, பாறையில் மோதாமல் தப்பும் கப்பலையும், அடிப்பகுதி தரையில் உரசியும் வேகம் குறையாமல் போகும் கப்பலையும் உதாரணம் காட்டுகிறது. மெட்ராஸுக்குத் துறைமுகம் வருமுன், அலைகளுக்கு நடுவே மசூலாப் படகில் கரையிறங்கியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியிருந்திருக்காது.

நான் பல்லாவரத்தில் வளர்ந்தவன். அப்போதெல்லாம் மீனம்பாக்கத்தில் ஃப்ளையிங் கிளப்பின் குட்டி விமானங்கள் ஓடுபாதையைத் தொட்டதும் நிற்காமல் மறுபடி எழும்பும். விமானிகள் அதையும் டச் அண்ட் கோ என்றுதான் சொல்வார்கள். ஆனால் அது வேண்டுமென்றே செய்யும் பயிற்சி. உங்கள் தம்பி சொன்னதற்கு அங்கே அர்த்தம் தேடக் கூடாது.

பாண்டியன் எக்ஸ்பிரஸ் கிளம்பப் போகிறது, நீங்கள் இன்னும் அண்ணா சாலை சிக்னலில் நிற்கிறீர்கள். எப்படியோ ஓடிப்போய் ஏறிவிட்டீர்கள். அதை 'இட் வாஸ் டச் அண்ட் கோ வெதர் வீ வுட் கேட்ச் தி டிரெயின்' என்று சொல்லலாம். பெரும்பாலும் 'இட்' என்று ஆரம்பிக்கும். எது நிச்சயமில்லையோ அது 'வெதர்' என்பதற்குப் பின்னால் வரும்.

நிச்சயமில்லாத எல்லாவற்றுக்கும் இதைப் போட்டுவிடாதீர்கள். ஜாதகம் வாங்கிப்போன மாப்பிள்ளை வீட்டார் இரண்டு மாதமாகப் பதிலே சொல்லவில்லை என்றால், அது 'அப் இன் தி ஏர்', அந்தரத்தில் நிற்கிறது. முகூர்த்தம் நெருங்கும்போது மாப்பிள்ளையின் கார் கத்திப்பாராவில் மாட்டிக்கொண்டால், அதுதான் டச் அண்ட் கோ. நெஞ்சு படபடக்க வேண்டும்.

முடிவு என்ன ஆனது என்பதை இந்தத் தொடர் தானாகச் சொல்லாது. 'வாஸ்' என்று எழுதியிருப்பதால் கண்டம் தாண்டிவிட்டது என்று நினைக்கிறேன். இருந்தாலும் கேட்டுவிடுங்கள். தமிழிலேயே கேளுங்கள்.