லண்டனுக்கு எத்தனை மணி நேரம்?

கேள்வி: மகளின் பிரசவத்துக்காக டிசம்பரில் லண்டன் போகிறேன். திருவனந்தபுரத்தில் காலை 4.30க்கு ஏறி, துபாயில் மாறி, அன்றே பகல் 1.40க்கு இறங்குவதாக டிக்கெட்டில் இருக்கிறது. '8,400 கிலோமீட்டர்தான் பாட்டி, மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் ஒன்பதரை மணி நேரம்கூட ஆகாது' என்கிறான் பேரன். டிக்கெட்டின் ஓரத்தில் 14 மணி 40 நிமிடம் என்று போட்டிருக்கிறது. எது சரி? எனக்குச் சர்க்கரை உண்டு.
- ஒரு வாசகி, குழித்துறை

பதில்: ஓரத்தில் போட்டிருப்பதுதான் சரி, அம்மா. களியக்காவிளையில் டிக்கெட் போட்டுக் கொடுக்கும் என்னிடம் பலரும் கேட்பது இது.

டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரத்தைத்தான் அச்சடிப்பார்கள். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். லண்டன் டிசம்பரில் ஐந்தரை மணி நேரம் பின்னால். 4.30க்குக் கிளம்பி 7.10க்குத் துபாய் என்றால், உட்கார்ந்திருப்பது நாலு மணி பத்து நிமிடம். அங்கே மூன்று மணி நேரம் காத்திருப்பு. அப்புறம் லண்டனுக்கு ஏழரை மணி நேரம். நீங்கள் இறங்கும்போது குழித்துறையில் இரவு 7.10 ஆகியிருக்கும்.

பேரன் சொன்ன தூரம் சரிதான். ஆனால் அது உருண்டையான பூமியின் மேல் அளந்த மிகக் குறுகிய கோடு. வேகமும் உயரே போன பிறகு வருவது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது எல்லாம் மெதுவாகத்தான் நடக்கும். போதாததற்கு, உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பலமான காற்று வீசுகிறது. போகும்போது அது எதிர்க்காற்று. திரும்பும்போது பின்னாலிருந்து தள்ளும், அதனால் லண்டன்-துபாய் ஏழு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

துபாய் வழி சுற்று என்று நினைக்க வேண்டாம். திருவனந்தபுரம்-துபாய் சுமார் 2,950 கிலோமீட்டர், துபாய்-லண்டன் சுமார் 5,500. கூட்டினால் நேர்கோட்டைவிட ஐம்பது கிலோமீட்டர்தான் அதிகம். டெல்லி வழியாகப் போனால் ஐந்நூறுக்கு மேல் கூடும். ஆகவே தூரத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், காத்திருப்பு நேரத்தைப் பாருங்கள். தனியாகப் போகிறவருக்கு மூன்று மணி நேரம் நல்ல இடைவெளி. ஒன்றரை மணி நேரம் என்றிருந்தால் மாற்றச் சொல்லியிருப்பேன். துபாய் விமான நிலையம் அவ்வளவு பெரியது, உள்ளேயே ரயில் ஓடுகிறது. சக்கர நாற்காலி வேண்டும் என்று இப்போதே பதிவு செய்யுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

மாத்திரை விஷயத்தில் டாக்டரிடம் இந்த 14 மணி 40 நிமிடக் கணக்கையே காட்டுங்கள். கடிகாரத்தில் தெரியும் ஒன்பது மணி நேரத்தைச் சொன்னால் ஒரு வேளை மாத்திரையும் சாப்பாடும் கணக்கில் விட்டுப்போகும். மாத்திரையும் சீட்டும் கைப்பையிலேயே இருக்கட்டும், பெட்டியில் போட்டு அனுப்பிவிடாதீர்கள்.

வீட்டிலிருந்து இரவு பதினொன்றரைக்குக் கிளம்பினால் போதும். அந்நேரம் பாலராமபுரத்தில் நெரிசல் இருக்காது. டிரைவரிடம் சாக்கை டெர்மினல் என்று சொல்லுங்கள்; வெளிநாட்டு விமானங்கள் அங்கிருந்துதான். சங்குமுகம் பக்கம் போய்விட்டால் ஓடுபாதையைச் சுற்றிக்கொண்டு வர வேண்டியிருக்கும்.