மஞ்சளை விட்டுவிட்டு ஆற்றைப் பாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ரஷ்ய ஓவியர் லெவித்தானின் ‘பொன் இலையுதிர்காலம்’ ஓவியத்தை எண்ணெய் வண்ணத்தில் பிரதி எடுத்துப் பார்த்தேன். மஞ்சளைக் கூட்டக் கூட்ட மரங்கள் கலங்கிப்போயின. ஆறு தகரத் தகடு மாதிரி கிடக்கிறது. இலையுதிர்காலத்துக்கே உரிய துயரம் என் பிரதியில் வரவில்லை. உண்மையைச் சொன்னால், மூலத்திலும் அது எனக்குத் தென்படவில்லை.

ச.

அன்புள்ள ச.,

தென்படாதது சரிதான். 1894இல் அவர் வரைந்த ‘நிரந்தர அமைதியின் மேல்’ ஓவியத்தில் துயரம் கனத்துக் கிடக்கிறது. அடுத்த ஆண்டின் இந்த ஓவியமோ வெயிலடிக்கும் பகல். இடக்கரையில் வெண்பட்டை மரமான பிர்ச்சின் பொன்னிறத் தோப்பு. வலப்புறம் தொலைவில் பச்சைப் பட்டையாகக் குளிர்காலப் பயிர். அடுத்த விளைச்சல் அதற்குள் முளைத்துவிட்டது, அழுவதற்கு என்ன இருக்கிறது? அந்தப் பச்சையை விரலால் மறைத்துப் பாருங்கள், படத்தின் மனநிலையே மாறும்.

மரங்களைப் பொன்னாக்குவது பக்கத்தில் ஓடும் ஆற்றின் நீலம்தான். பலரும் வானத்துக்குக் குழைத்த நீலத்தையே ஆற்றுக்கும் பூசிவிடுகிறார்கள். தகரத் தகடு அங்கேதான் பிறக்கிறது. தெளிந்த நாளில், காலடி நீரில் விழுவது உயரத்து வானம். அடிவானத்தைவிட அது ஆழ்ந்த நீலம். மேலிருந்து பார்க்கும்போது நீர் ஒளியைக் குறைவாகவே திருப்பி அனுப்பும், ஆகவே கிட்டத்து நீர் இருண்டிருக்கும். அல்ட்ராமரின் என்னும் ஆழ்ந்த நீலத்தில், பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பைத் துளி சேர்த்து முன்பக்கத்தை இருட்டுங்கள். தொலைவு போகப் போக வெள்ளையைக் கூட்டுங்கள். நீரில் தெரியும் மரத்தின் பிம்பத்தில் வெளிச்சம் ஒரு படி மங்கும், இருள் ஒரு படி வெளிறும். தூரிகையை நேர்கீழாக இழுத்துவிட்டு, உலர்ந்த தட்டைத் தூரிகையால் குறுக்கே ஓரிரு முறை தடவினால் போதும். மூன்றாவது முறை தடவினால் சேறு.

மஞ்சள் கலங்கியதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். நிழலுக்குக் கருப்பு சேர்த்திருப்பீர்கள். கருப்பும் மஞ்சளும் சேர்ந்தால் பாசிப்பச்சைதான். அங்கே யெல்லோ ஓக்கர் என்னும் மண்மஞ்சளும் பர்ன்ட் சியன்னாவும் வையுங்கள். அல்லது வானம் காய்வதற்குள் அதன்மேல் இலைகளை வைத்திருப்பீர்கள். ஈர நீலம் மஞ்சளைப் பச்சையாக்கிவிடும். பளிச்சென்ற கேட்மியம் மஞ்சளைக் கடைசியில், எதனோடும் கலக்காமல், வெயில் நேரே படும் இலைக்கொத்துகளில் மட்டும் தடிப்பாக வையுங்கள். தோப்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போனால் எதுவும் ஒளிராது.

பிர்ச் தண்டுக்கும் டியூபிலிருந்து வரும் வெள்ளை ஆகாது. வெயில் பக்கம் மஞ்சள் தொட்ட வெள்ளை, மறுபக்கம் நீலச் சாம்பல்.