நூறு நாள் மந்திரிசபையும் ஒரு சித்திரைத் திருவிழாவும்

அன்புள்ள ஐயா,

மேலூர்ப் பக்கம் ஒரு கிராமம். குரூப் 1 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். 1937இல் சென்னை மாகாணத்தில் நூறு நாள் மட்டும் நடந்த சிறுபான்மை மந்திரிசபைக்கு பி.டி.ராஜன் தலைமை வகித்தார் என்று மதுரையில் ஒரு பெரியவர் சொன்னார். புத்தகத்தில் வேறு பெயர் இருக்கிறது. எது சரி? மக்கள் ஆதரவே இல்லாத பொம்மை மந்திரிசபை, அதில் யார் இருந்தால் என்ன என்று விட்டுவிடலாம்தான். ஒரு மார்க் போய்விடக் கூடாதே என்று கேட்கிறேன். எங்கள் ஊர்க் கக்கன்தான் முதல் தாழ்த்தப்பட்ட மந்திரி என்பது வரைக்கும் எனக்குத் தெரியும்.

வாசகர், மேலூர்

அன்புள்ள தம்பி,

உங்கள் புத்தகம் சொல்வதுதான் சரி. அந்த மந்திரிசபைக்குத் தலைவர் கூர்மா வெங்கட ரெட்டி நாயுடு. உத்தமபாளையத்து பி.டி.ராஜன் அதற்கு முந்தைய ஆண்டு, 1936இல், மாகாணத்தின் பிரதமராக (இன்றைய முதலமைச்சர் பதவி) இருந்த பொப்பிலி ராஜா இல்லாத சில மாதங்கள் அந்தப் பதவியில் இருந்தவர். பெரியவர் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார். மார்க் போகாது.

ஆனால் "அதில் யார் இருந்தால் என்ன" என்று எழுதினீர்களே, அந்த வரியை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. மேலூர்ப் பள்ளியில் எனக்கு வரலாறு நடத்திய ஆசிரியரும் இதே இடத்தில்தான் பக்கத்தைத் திருப்பினார். "இடைக்கால மந்திரிசபை, பரீட்சைக்கு வராது, அடுத்த பக்கம்." முதல் பெஞ்சில் இருந்த நானும் திருப்பினேன். அந்தப் பக்கத்துக்குத் திரும்பி வர எனக்கு இருபது வருடம் ஆயிற்று. உங்களுக்கும் அப்படி ஆகக் கூடாது.

மந்திரிசபை ஏன் வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1937 தேர்தலில் சட்டசபையின் 215 இடங்களில் 159 காங்கிரசுக்கு. அதுவரை ஆண்ட ஜஸ்டிஸ் கட்சிக்கு (நீதிக் கட்சி) பதினெட்டுதான். ஆனால் கவர்னர் தன் விசேஷ அதிகாரத்தை வைத்துக் குறுக்கிட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தால்தான் பதவி ஏற்போம் என்றது காங்கிரஸ். கவர்னர் எர்ஸ்கின் பிரபு கொடுக்கவில்லை. ஏப்ரல் 1 அன்று புதிய அரசியல் சட்டம் நடைமுறைக்கு வர, அன்றைக்கே ஆறு பேர் மந்திரிகள் ஆனார்கள். ஜூலை 14 அன்று ராஜாஜி பதவி ஏற்க, இவர்கள் இறங்கினார்கள். சட்டசபையை ஒரு நாள்கூட இவர்கள் சந்திக்கவில்லை. மக்கள் தீர்ப்புக்கு எதிராக நடந்த காரியம் அது. அதை நான் நியாயப்படுத்தவே மாட்டேன். பொம்மை என்று சொல்லுங்கள், சண்டைக்கு வர மாட்டேன்.

ஆனால் அந்த ஆறு பெயரையும் படித்துவிட்டுச் சொல்லுங்கள். ரெட்டி நாயுடு, ஏ.டி.பன்னீர்செல்வம், செட்டிநாட்டு முத்தையா செட்டியார், கலிபுல்லா, பாலட். ஆறாவது பெயர் எம்.சி.ராஜா.

பரங்கிமலையில் பிறந்தவர், பள்ளி ஆசிரியர். 1920இலிருந்து சட்டமன்றத்தில் இருந்தவர். பறையர், பஞ்சமர் என்று அரசாங்கக் காகிதத்தில் எழுதக் கூடாது, ஆதிதிராவிடர் என்று எழுத வேண்டும் என 1922இல் நடந்ததே, அதன் பின்னால் நின்றவர். 1937 ஏப்ரலில் அவர் அபிவிருத்தி இலாகா மந்திரி. அதற்கு முன் இரட்டையாட்சி, அதாவது சில இலாகாக்களை மட்டும் இந்திய மந்திரிகளிடம் விட்ட ஆட்சி, பதினாறு வருடம் நடந்தது. எத்தனையோ ராஜாக்களும் சர் பட்டக்காரர்களும் மந்திரியாக வந்து போனார்கள். தாழ்த்தப்பட்டவர் ஒருவர்கூட இல்லை. கக்கன் அவர்கள் மந்திரியானது 1957இல், காமராஜர் மந்திரிசபையில். அவர் மீது எனக்கு உள்ள மரியாதை உங்களுக்கு உள்ளதைவிடக் குறைந்தது இல்லை. ஆனால் அவருக்கு இருபது வருடம் முன்னால் இவர் இருக்கிறார். ராஜாஜியின் மந்திரிசபையில் முனுசாமிப் பிள்ளை இருக்கிறார். 1954இல் பரமேஸ்வரன் இருக்கிறார், காமராஜர் அவரிடம் கொடுத்தது கோயில் நிர்வாகத்தை. நீங்கள் ஒரே வரியில் இவர்கள் எல்லோரையும் அழித்துவிட்டீர்கள் தம்பி. தெரியாமல் இருப்பது தப்பில்லை. "யார் இருந்தால் என்ன" என்பது தப்பு. நம் ஊர்ப் பிள்ளை ஒருவன் கையால் அதை எழுதலாமா?

இப்போது இதை நினைத்துப் பாருங்கள். அந்த நூறு நாளுக்குள் ஒரு சித்திரைத் திருவிழா வந்தது. மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம் நடந்தது, திருக்கல்யாணம் நடந்தது. மாகாணத்தின் மந்திரி எம்.சி.ராஜா அன்றைக்கு மதுரைக்கு வந்திருந்தால், கலெக்டர் எழுந்து நின்று வணக்கம் சொல்லியிருப்பார். கோயிலுக்குள் மட்டும் அவர் போயிருக்க முடியாது. திருவிதாங்கூரில் 1936 நவம்பரிலேயே தாழ்த்தப்பட்டவர்களுக்குக் கோயிலைத் திறந்துவிட்டார்கள். இங்கே மந்திரிக்கும் வாசல் வரைதான்.

என் அப்பத்தாவும் அந்தத் திருவிழாவுக்கு வந்தவர். மேலூரிலிருந்து விடிய விடிய நடந்து வருவார்களாம். ஆற்றில் அழகரைப் பார்க்கலாம், அதற்குத் தடை இல்லை. தேர் மாசி வீதியில் வரும்போது கூட்டத்துக்குப் பின்னால் தள்ளி நின்று கும்பிடலாம். "அம்மன் எப்படி இருக்கும்னு கேட்டா, எனக்குத் தேர்ச்சீலை தெரியும், கோபுரம் தெரியும்னு சொல்லுவேன்" என்பார். கோட்டையில் மந்திரியாக உட்கார்ந்திருந்தவரும் வீதியில் நின்ற என் அப்பத்தாவும் அந்த ஏப்ரலில் ஒரே இடத்தில்தான் நின்றார்கள். இதைப் புரிந்துகொள்ளாமல் அந்த மந்திரிசபையைப் பற்றி எதை எழுதினாலும் அரைகுறைதான்.

பதவி போன பிறகு எம்.சி.ராஜா சும்மா இருக்கவில்லை. 1938இல் பொதுக் கிணறு, பொதுப் பாதையில் தடை கூடாது என்று மசோதா கொண்டுவந்தார், அது சட்டமானது. அதே ஆண்டு ஆலயப் பிரவேச மசோதாவும் கொண்டுவந்தார். ராஜாஜி, வாபஸ் வாங்குங்கள், முதலில் மலபாரில் பார்ப்போம் என்றார். ராஜா வாங்கவில்லை. வாக்கெடுப்பில் மசோதா தோற்றது. அடுத்த வருடம், 1939 ஜூலை 8 அன்று, மதுரைக் காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயர் மீனாட்சி கோயிலுக்குள் ஹரிஜனத் தோழர்களை அழைத்துப் போனார். உங்கள் கக்கன் அதில் ஒருவர். அப்புறம்தான் அரசாங்கம் அவசரச் சட்டம் போட்டு, அதே வருடம் சட்டமும் ஆக்கியது. வைத்தியநாத ஐயரை மதுரை மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. ஒரு வருடம் முன்னால் சபையில் கேட்டுத் தோற்றவரைத்தான் மறந்துவிட்டோம்.

அப்பத்தா அந்த வருடம் கடைசியில் உள்ளே போனார். அம்மன் சந்நிதியில் என்ன பார்த்தார் என்று சின்ன வயதில் பலமுறை கேட்டிருக்கிறேன். அதைச் சொன்னதே இல்லை. பொற்றாமரைக் குளத்துப் படி காலுக்குக் குளுகுளு என்று இருந்தது என்று மட்டும் சொல்வார்.

பி.டி.ராஜனைப் பற்றிக் கேட்டீர்கள். 1936 ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை என்று குறித்துக்கொள்ளுங்கள். தேர்வை நன்றாக எழுதுங்கள். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள், அறையிலேயே அடைந்து கிடக்காதீர்கள்.

அன்புடன்.