மழைத்துளி ஏன் மண்டையைப் பிளப்பதில்லை?

கேள்வி: மேகம் 2 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தால், அங்கிருந்து விழும் துளி வேகம் கூடிக்கொண்டே வந்து நம் தலையைப் பதம் பார்க்க வேண்டாமா? பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் என் பையன் கேட்கிறான்.
– வாசகி, மாட்டுங்கா, மும்பை

பதில்: நியாயமான கேள்விதான். காற்றே இல்லை என்று வைத்துக் கணக்குப் போட்டால் அந்தத் துளி தரையைத் தொடும்போது நொடிக்கு சுமார் 198 மீட்டர், அதாவது மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் வரும். ஜூலை மாதம் தாதர் ஸ்டேஷன் வாசலில் குடைக்குப் பதில் ஹெல்மெட்தான் விற்பார்கள்.

நம்மைக் காப்பாற்றுவது காற்றுத்தடை. விழ ஆரம்பிக்கும்போது துளியின் எடை மட்டும்தான் கணக்கில் வரும். அப்புறம் வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்கு என்று ஏறிக்கொண்டே போய், சீக்கிரமே தடையும் எடையும் சமமாகிவிடும், நிகர விசை சுழி. இந்த இடத்தில்தான் பாதிப் பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள், விசை சுழி என்றால் துளி அந்தரத்தில் நின்றுவிடும் என்று எழுதுகிறார்கள். நிற்காது, வேகம் மேற்கொண்டு கூடாது, அவ்வளவுதான். இந்த மாறாத வேகத்துக்குப் பெயர் முற்றுத் திசைவேகம். அரை மில்லிமீட்டர் தூறலுக்கு நொடிக்கு 2 மீட்டர், 2 மில்லிமீட்டர் துளிக்கு ஆறரை, 5 மில்லிமீட்டர் பெரிய துளிக்கு 9 மீட்டர் அளவில் இருக்கும். அதைவிட ரொம்பப் பெருத்தால் காற்றே உடைத்துவிடும். (படத்தில் வரைகிற மாதிரி மேலே கூராகவும் இருக்காது, பெரிய துளி பாவ் ரொட்டி மாதிரி அடி தட்டையாக விழும்.)

காற்றில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 1971இல் அப்போலோ 15 விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட் நிலவில் காட்டினார். சுத்தியலையும் இறகையும் ஒன்றாகக் கைவிட்டார், இரண்டும் சேர்ந்தே தரையைத் தொட்டன.

கேள்வி: உராய்வு இயக்கத்தை எதிர்க்கும் என்கிறது புத்தகம். அப்படியானால் சயானில் லோக்கல் ரயிலில் ஏறி நிற்கும் என்னை வண்டியோடு இழுத்துப் போவது எது?
– மாணவர், தாராவி

பதில்: உராய்வுதான்! அது எதிர்ப்பது உங்கள் இயக்கத்தை அல்ல, இரண்டு பரப்புகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குவதை. வண்டி கிளம்பும்போது தரை உங்கள் காலடியிலிருந்து முன்னால் நழுவப் பார்க்கிறது, ஓய்வுநிலை உராய்வு (பரப்புகள் வழுக்கும் முன்பே பிடித்து நிறுத்தும் உராய்வு) அதை விடாமல் காலை முன்னால் தள்ளுகிறது, உடம்பின் மேல்பாதி பின்தங்கிவிடுவதால் பின்னால் நிற்பவர்மேல் சாய்ந்து திட்டு வாங்குகிறீர்கள். வண்டிக்கும் இதே கதைதான். சக்கரம் தண்டவாளத்தைப் பின்னால் தள்ள, தண்டவாளம் சக்கரத்தை முன்னால் தள்ளுகிறது. ஈரத்தில் இந்தப் பிடிமானம் குறைந்து சக்கரம் வழுக்கும் என்பதால்தான் ரயில் எஞ்சின்களில் தண்டவாளத்தில் மணல் தூவ வசதி வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: ஒரே வேகத்தில் போக விசை வேண்டாம் என்றால் நான் ஏன் ஆட்டோவில் ஆக்சிலேட்டரை முறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும்?
– ஆட்டோ ஓட்டுநர், செம்பூர்

பதில்: காற்றும் டயரும் உங்களைப் பின்னால் இழுக்கின்றன அண்ணே, அதைச் சரிக்கட்டத்தான். வேகம் கூடினால் காற்றுத்தடை எகிறும், சிஎன்ஜி சீக்கிரம் தீரும். டயரில் காற்று குறைந்தாலும் உருளும் உராய்வு கூடும், முதலில் அதைப் பாருங்கள்.