கடையின் தளத்தில் பாஸ்வேர்டு கேட்கும் பெட்டி

கேள்வி: மும்பை மாட்டுங்காவில் பூஜைப் பொருள் கடை வைத்திருக்கிறேன். வேர்ட்பிரஸில் ஒரு தளமும் உண்டு. கொஞ்ச நாளாகச் சில வாடிக்கையாளர்களுக்கு யூசர்நேம், பாஸ்வேர்டு கேட்டு ஒரு பெட்டி வருகிறதாம். என் போனில் வரவில்லை. உள்ளே வைரஸ் கோடு இருக்கிறது, சுத்தம் செய்ய 20,000 ரூபாய் என்கிறார் ஒருவர். கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். பெட்டி வந்தவரிடம் முதலில் ஒரு ஸ்கிரீன்ஷாட் வாங்குங்கள். பூட்டு போட்ட கோப்பைத் தர ஏதோ ஒரு சர்வர் மறுக்கும்போது பிரவுசரே காட்டும் பெட்டி அது. எந்த சர்வர் என்று அதிலேயே எழுதியிருக்கும்.

உங்கள் தளத்தின் பெயரே இருந்தால் பெரும்பாலும் ஹேக்கிங் இல்லை. ஹோஸ்டிங்காரரோ டெவலப்பரோ பாதுகாப்புக்கென்று டபிள்யூபி-அட்மின் என்ற, வேர்ட்பிரஸின் நிர்வாக ஃபோல்டரைப் பூட்டியிருப்பார். நல்ல காரியம்தான். ஆனால் அதற்குள் அட்மின்-ஏஜாக்ஸ் என்று ஒரு கோப்பு இருக்கிறது. தேடுவது, கூடையில் சேர்ப்பது போன்றவற்றுக்குப் பல தீமும் (தளத்தின் தோற்றம்) பிளக்இன்னும் (கூடுதல் வசதி) அதைத்தான் கூப்பிடும். வாடிக்கையாளர் குங்குமச் சிமிழைக் கூடையில் போடுகிறார், பெட்டி வந்து நிற்கிறது. முகப்பை மட்டும் பார்த்துவிட்டு மூடும் உங்களுக்கு அது தெரியாது. அந்த ஒரு கோப்புக்கு மட்டும் விலக்கு கொடுத்தால் போதும், சில நிமிட வேலை. ஹோஸ்டிங்காரருக்குப் புகார் டிக்கெட் போட்டால் 'கேச்சை (பிரவுசர் சேமித்து வைத்திருக்கும் பழைய பிரதியை) அழித்துப் பாருங்கள்' என்றுதான் முதல் பதில் வரும். எதைக் கேட்டாலும் அவர்களுக்குக் கேச்தான்! கோப்பின் பெயரைச் சொல்லி விடாமல் கேளுங்கள்.

வேறு பெயர் இருக்கிறதா? கம்ப்யூட்டரில் தளத்தைத் திறந்து, கன்ட்ரோலும் யூவும் சேர்த்து அழுத்தி, வரும் பக்கத்தில் அந்தப் பெயரைத் தேடுங்கள். டெவலப்பரின் பழைய சோதனைத் தளம் என்றால், முகவரியை மாற்ற மறந்திருக்கிறார், அவ்வளவுதான். வேறு தளம் கேட்கும் இந்தப் பெட்டியை க்ரோம் வழக்கமாகக் காட்டாது. உங்கள் போனில் வராததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

முன்பின் தெரியாத பெயர் என்றால்தான் கவலை. 2024-ல் பாலிஃபில் என்ற ஸ்கிரிப்டின் (பல தளங்கள் வெளியிலிருந்து ஏற்றிக்கொண்ட கோடு) டொமைன், அதாவது இணைய முகவரி, கைமாறியது. அதை நம்பி ஏற்றிக்கொண்டிருந்த லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் விஷக் கோடு புகுந்தது. தளக்காரர்கள் தங்கள் பக்கம் எதையும் தொடவே இல்லை.

அந்த 20,000 ரூபாய்க்காரருக்கு வருவோம். பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் கோடை நெருக்கிச் சுருக்கினால் யார் கண்ணுக்கும் கிறுக்கல்தான். அதைத் திரையில் ஓட்டிக் காட்டி மிரட்டுவது இவர்களின் வாடிக்கை. 'எந்தக் கோப்பு, எந்த வரி?' என்று எழுதிக் கேளுங்கள். சர்வரில் ஓடும் பிஹெச்பி கோப்பில் ஈவல், பேஸ்64 டிகோடு (மறைத்து எழுதிய கோடை அவிழ்த்து ஓட்டும் கட்டளைகள்) இரண்டும் ஒட்டிக்கொண்டிருப்பதாகக் காட்டினால் சரி, பேசலாம். அப்போதும் எனிடெஸ்க் (உங்கள் கம்ப்யூட்டரைத் தூரத்திலிருந்து இயக்க விடும் ஆப்), ஓடிபி, டொமைன் கணக்கு மூன்றையும் கொடுக்காதீர்கள். டொமைனைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு, வருஷா வருஷம் காசு கேட்டு நிற்கும் ஆட்கள் இந்த ஊரில் நிறைய. இலவசமாகத் தருகிறேன் என்று இவர்கள் போட்டுத் தரும் திருட்டுத் தீமில்தான் பாதி விஷமே வருகிறது.

கோடு நிஜமாகவே கெட்டது என்று உறுதியானால், பெட்டி வரத் தொடங்கியதற்கு முந்தைய பேக்கப்பை ஹோஸ்டிங்காரரிடம் கேட்டு ஏற்றுங்கள். தெரியாத அட்மின் பெயர்களை நீக்கி, எல்லா பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். பிளக்இன்களையும் அப்டேட் செய்யுங்கள், இல்லையென்றால் அதே ஓட்டை வழியாகத் திரும்ப வரும். அந்தப் பெட்டியில் வாடிக்கையாளர் யாராவது தன் பாஸ்வேர்டைப் போட்டிருந்தால், அதை உடனே மாற்றச் சொல்லி வாட்ஸ்அப்பில் இன்றைக்கே ஒரு வரி அனுப்பிவிடுங்கள்.