உங்கள் பாவத்தால் வந்த நோய் அல்ல இது

சகோதரி, நான்கு வயது மகனுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்ததும், ஜெபிக்க வந்தவர்கள் "வீட்டில் மறைத்துவைத்த பாவத்தை அறிக்கை செய்யுங்கள்" என்றார்கள், அது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லவே இல்லை.

பைபிளில் யோவான் 9-ஆம் அதிகாரத்தில் இயேசுவின் சீஷர்களும் இதையேதான் கேட்கிறார்கள். இவன் குருடனாய்ப் பிறக்க யார் பாவம் செய்தது, இவனா, பெற்றோரா? இரண்டும் இல்லை என்கிறார் இயேசு. எருசலேமில் சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த 18 பேரும் மற்றவர்களைவிடப் பாவிகள் அல்ல என்கிறார்.

பைபிளில் பிள்ளைகளையும் சொத்தையும் உடல்நலத்தையும் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தவரை நல்லவர்கள்தான். உன் பாவம்தான் காரணம் என்று சொல்லத் தொடங்கியதும்தான் கெட்டது. தேவனுடைய கோபம் கடைசியில் அவர்கள் மேல்தான் மூண்டது. யோபுவுக்கோ, ஏன் என்பது கடைசிவரை சொல்லப்படவே இல்லை. இறந்துபோன நண்பன் லாசருவை உயிரோடு எழுப்பப்போகிறோம் என்று தெரிந்த இயேசுவும் முதலில் அழுதார். நான் பற்றிக்கொண்டிருப்பது அந்தக் கண்ணீரைத்தான்.

என் தம்பி இறந்தபோது பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் வந்தார். வசனம் எதுவும் சொல்லவில்லை. அம்மாவுக்குத் தலைவாரிப் பின்னிவிட்டு, காபி டம்ளர்களை எல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார்.

ஜெபிக்க வார்த்தை வராவிட்டால் சங்கீதம் 88 வாசியுங்கள். கடைசி வரியில்கூட ஆறுதல் இல்லாத ஜெபம் அது. அப்புறம், யார் என்ன சொன்னாலும் சிகிச்சையை நிறுத்தாதீர்கள். இந்த நோயிலிருந்து எத்தனையோ குழந்தைகள் முழுவதும் குணமாகிறார்கள். பாவத்தை அறிக்கை செய்யச் சொன்னவர்கள் மறுபடி வந்தால், பிள்ளை தூங்குகிறான் என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிடுங்கள்.