அறிவியல் கற்ற ஒருவர் கடவுளை நம்புவது முரண்பாடு இல்லையா?

நான் கடவுள் நம்பிக்கை இல்லாதவன். தங்கச்சிமடத்தில் பிறந்து வளர்ந்து, இப்போது மேல்நிலைப் பள்ளி ஒன்றில் இயற்பியல் கற்பிக்கிறேன். ஆயினும் என்னை நாத்திகனாக்கியது இயற்பியல் அன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், அறிவியலைப் படித்துவிட்டால் கடவுள் தானாக உதிர்ந்துவிடுவார் என்ற எதிர்பார்ப்பு உங்கள் கேள்விக்குள் இருக்கிறது. அப்படி உதிராத ஒரு வீட்டில்தான் நான் வளர்ந்தேன்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் வில்லூண்டித் தீர்த்தம் இருக்கிறது. கடலுக்குள் நீளும் ஒரு நடைபாலத்தின் முனையில் கிணறு. நாற்புறமும் கடல், வாளியை இறக்கி இறைத்தாலோ குடிக்கத்தக்க நீர். சீதையின் தாகம் தீர்க்க இராமர் வில்லை ஊன்றிய இடம் என்பது ஐதிகம். சிறுவயதில் அந்த வாளிக் கயிற்றை நக்கிப் பார்த்திருக்கிறேன். உப்புக் காற்று பட்டுப்பட்டுக் கயிறு கரிக்கும், அதில் ஏறி வரும் நீர் கரிக்காது. நாட்டுப்படகில் தொழிலுக்குப் போன என் அப்பாவுக்கு அது அற்புதம். கறுப்புச் சட்டைக்காரரான சித்தப்பாவுக்கு அது அற்புதம் இல்லை என்பது தெரியும். ஏன் இல்லை என்பதுதான் தெரியாது. ஆகையால் இருவருடைய வாதமும் ஆண்டுக்கணக்கில் நின்ற இடத்திலேயே நின்றது.

கல்லூரிக்குப் போன பின் அதற்கான விளக்கம் எனக்குக் கிடைத்தது. மணற்பாங்கான தீவில் பெய்யும் மழை மணலுக்குள் இறங்கி, தன்னைவிட அடர்த்தி மிகுந்த கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்நீரின் அடர்த்தி நன்னீரைப் போல் சுமார் 1.025 மடங்கு. இந்தச் சிறிய வேறுபாட்டினால், நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் இருந்தால், அதற்குக் கீழே ஏறக்குறைய 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் நிற்க இடமுண்டு. கைபன், ஹெர்ஸ்பெர்க் என்ற இருவரின் பெயரால் இந்தத் தொடர்பு வழங்குகிறது. தனுஷ்கோடியில் கடலுக்கு எட்டும் தூரத்தில் மணலைக் கையால் தோண்டி நல்ல தண்ணீர் எடுப்பதும் இதனால்தான். நடுவில் தடித்து ஓரத்தில் மெலியும் அந்த நீர்த்திரளுக்கு 'நன்னீர் வில்லை' என்று பெயர்; வில்லை என்றால் லென்ஸ். வில்லுக்குப் பதில் வில்லை வந்ததில் சித்தப்பாவுக்கு அளவில்லாத மகிழ்ச்சி. "பாத்தியாண்ணே, வில்லும் இல்ல, ராமரும் இல்ல" என்றார்.

வலைக்கு மிதவை கட்டிக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அதத்தான் தம்பி நானும் சொல்றேன். ஊத்து எங்க ஓடுதுன்னு தெரிஞ்சுதான் அவர் அங்க ஊண்டுனாரு."

சித்தப்பாவிடம் பதில் இல்லை, என்னிடமும் இல்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தில் என்ன நடந்தது என்று பின்னர் பலமுறை யோசித்திருக்கிறேன். 'வில் ஊன்றியதால் நீர் வந்தது' என்பது சோதித்துப் பார்க்கக்கூடிய கூற்று. அதை மணலும் மழையும் தோற்கடித்துவிட்டன. 'நீர் இருக்கும் இடத்தை அறிந்து ஊன்றினார்' என்பதோ எந்தச் சோதனையிலும் தோற்க வழியில்லாத கூற்று. பொய்யென்று காட்ட வாய்ப்பே இல்லாத ஒன்று அறிவியல் கூற்று ஆகாது என்பது கார்ல் பாப்பரின் வரையறை. அப்பா தம்மை அறியாமலேயே அறிவியலின் எல்லையைத் தாண்டி அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். அங்கே அவரைத் தோற்கடிக்க முடியாது. அதனால் அவர் வென்றுவிட்டார் என்றும் ஆகாது. தேவைப்படாத ஒன்றை விளக்கத்தில் சேர்ப்பதில்லை என்பது என் முடிவு. அது ஆய்வுக்கூடத்தில் பிறந்ததன்று. தொலைநோக்கி வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கடவுளை ஏற்காத நம் நாட்டு உலகாயதர்கள் எடுத்த முடிவு.

இராமேசுவரத்தில் இதைப் பேசினால் "கலாமே தொழுதாரே" என்று ஒருவராவது சொல்லாமல் இருக்கமாட்டார். உண்மைதான். நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் தம்மை நாத்திகர் என்றார், அதுவும் உண்மை. ஆட்களை எண்ணி முடிவுசெய்யும் காரியம் இல்லை இது.

என் கவலையெல்லாம் வேறொரு நம்பிக்கையைப் பற்றியது. 2001 ஆகஸ்டு 6 அன்று விடியற்காலையில், மனநோயாளிகளைக் குணம் தேடி அழைத்துவரும் ஏர்வாடி தர்காவை அண்டி இயங்கிய தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த நோயாளிகள் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். மனநோய் பேயின் வேலை அல்லது செய்வினை என்பது அப்பாவின் இராமரைப் போல எட்டாத தூரத்தில் இருக்கும் கூற்று அன்று. அதைச் சோதிக்கலாம், தவறென்று காட்டலாம், காட்டத் தவறினால் உயிர் போகும். அறிவியல் விட்டுக்கொடுக்கவே கூடாத இடம் இதுதான். இன்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியை எந்த வடிவிலும் சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது.

ஆனால் அங்கே பலன் தந்த வழி, நம்பிக்கையை ஒழித்துவிட்டு மருந்தைக் கொண்டுவருவதாக இருக்கவில்லை. தர்கா வளாகத்திலேயே அரசு மனநல மருத்துவர் நோயாளிகளைப் பார்க்கும் 'தவா–துவா' திட்டம் வந்தது. தவா என்றால் மருந்து, துவா என்றால் பிரார்த்தனை. என் பெரியம்மா மகனுக்குக் காதில் குரல்கள் கேட்கத் தொடங்கி, செய்வினை என்று நாங்கள் வீணாக்கிய காலம் இரண்டு ஆண்டுகள். மருத்துவமனைக்கு வரமாட்டேன் என்று அடம்பிடித்த பெரியம்மா, தர்காவுக்கு உடனே கிளம்பினார். அங்கேதான் அண்ணன் முதன்முதலாக மாத்திரை விழுங்கினார்.

"அரசாங்க டாக்டரே அங்க போயி உக்காந்தா, பேய் ஓட்டுறதுக்கு முத்திரை குத்துன மாதிரி ஆகாதாடா?" என்று சித்தப்பா கேட்டார். நியாயமான கேள்வி, எனக்கும் அந்த உறுத்தல் உண்டு. இருந்தாலும் சான்றைப் பார்த்து முடிவெடுப்பவன் என்று சொல்லிக்கொள்ளும் நான், அண்ணன் மறுபடி வலை பின்னுவதைச் சான்றாக எடுத்துக்கொள்ளாமல் எப்படி இருக்க முடியும்? பெரியம்மா குணத்தைத் தர்காவின் கணக்கில் எழுதுகிறார், நான் மாத்திரையின் கணக்கில் எழுதுகிறேன். அவரைத் திருத்த நான் முயல்வதில்லை. மாத்திரையை நிறுத்தப் பார்த்தால் மட்டும் சண்டை போடுவேன்.

மாத்திரை அட்டை அவர் வீட்டுச் சாமி படத்துக்குக் கீழே இருக்கிறது. தீர்ந்ததும் புது அட்டை வாங்க ஏர்வாடிக்குப் பேருந்து ஏறுபவர் சித்தப்பாதான்.